ஆறு அங்குல டிரம்: 1984 புல்லட்டின் முன் பிரேக்கைச் சரிசெய்த அனுபவம்

ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். 8/20 என்று பலகை வைத்திருக்கும் கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால் முன் பிரேக்கைப் பிடித்தால், லீவர் நேராக வந்து ஆக்ஸிலரேட்டர் பிடியில் ஒட்டிக்கொண்டது. வண்டி வேகம் குறைவதாக இல்லை. இடது காலால் பின் பிரேக்கை அழுத்தி மிதித்து, வலது காலால் கியரைத் தூக்கி ஒன்றில் போட்டு, எஞ்சின் அலற அலற வளைவுக்குள் நுழைந்தேன். எதிரே ஏறி வந்த பஸ் ஓட்டுநர் என் நிலைமையைப் புரிந்துகொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். அவர் ஒதுங்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கை சில்லிடுகிறது.

வளைவு தாண்டி வண்டியை ஓரங்கட்டினேன். முன் சக்கரத்திலிருந்து கருகிய வாடை. இருபது நிமிடம் கழித்து லீவரைப் பிடித்துப் பார்த்தேன். பழைய இடத்துக்கு வந்திருந்தது, பிரேக்கும் பிடித்தது. மீதி வளைவுகளை ஒன்றாம் கியரிலேயே உருட்டிக்கொண்டு சேலம் வந்து சேர்ந்தேன். அன்று இரவே முடிவு செய்துவிட்டேன், இந்த பிரேக்கை முழுதாகப் பார்த்து முடிக்காமல் மலை ஏறுவதில்லை என்று. அதற்குப் பிறகு நான்கு மாதம், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில், செய்த வேலைதான் இது.

வண்டி 1984-ல் திருவொற்றியூரில் தயாரான புல்லட் 350. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முன்னால் 6 அங்குல டிரம், பின்னாலும் அதே. டிரம் என்றால் சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணம்; ஷூ என்ற இரண்டு பிறைகள் அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும். இந்த பிரேக்கின் வயது வண்டியின் வயதைவிட அதிகம். பின் சக்கரம் மேலும் கீழும் அசையும்படி ஸ்விங் ஆர்ம் வைத்த புல்லட் 1940-களின் கடைசியில் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் உருவானது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கினார்கள். முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். அப்புறம் படிப்படியாக எல்லாமே இங்கே தயாரானது. சாலையில் லாரியும் மாட்டுவண்டியும் போய்க்கொண்டிருந்த காலத்துக்கு அந்த டிரம் போதுமாக இருந்தது. இன்று நமக்கு முன்னால் போகிற கார் ஏபிஎஸ் உள்ள நாலு டிஸ்க்கில் சட்டென்று நிற்கிறது. அதற்குப் பின்னால் நாம் 6 அங்குல டிரம்மோடு போகிறோம்.

"டிஸ்க் போட்டுவிடு" என்றுதான் கேட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அதற்கு முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கீழ்க்காலும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பும் மாற வேண்டும், எண்ணெய் அழுத்தம் தரும் மாஸ்டர் சிலிண்டர் புதிதாக வர வேண்டும். முன்பக்கம் வேறு வண்டி ஆகிவிடும். பின்னாளில் வந்த சில புல்லட்டுகளில் இருக்கும் 7 அங்குல ட்வின் லீடிங் ஷூ பிரேக்கையும் யோசித்தேன். அதில் இரண்டு ஷூவுமே லீடிங் ஷூ; அது என்னவென்று பின்னால் சொல்கிறேன். நல்ல பிரேக்தான். ஆனால் ஏற்றத்தில் நின்று வண்டி பின்னோக்கி உருளும்போது அதன் பிடி மிகவும் குறைந்துவிடும், மலைப்பாதையில் அது எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிட, என் மனதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இந்த 6 அங்குல டிரம் புதிதாக இருந்தபோது எப்படிப் பிடித்ததோ, அப்படி இப்போது பிடிக்கிறதா? இல்லை என்றால் முதலில் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகும் போதவில்லை என்றால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

மலையில் என்ன நடந்தது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டி நூற்று அறுபது கிலோவுக்கு மேல், நான் 75, ஆக 240 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை நிறுத்தினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 33,000 ஜூல். 80-லிருந்து நிறுத்தினால் 59,000; வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, ஆனால் பிரேக்கின் வேலை ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேலே போய்விட்டது. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குகிறோம் என்று வைத்தால், வழியெல்லாம் சேர்த்து 23 லட்சம் ஜூல். அதாவது 60-லிருந்து எழுபது தடவை நிறுத்துவதற்குச் சமம். எஞ்சினிடம் நல்ல பங்கைக் கொடுக்காவிட்டால் அத்தனையும் அந்தச் சின்ன இரும்பு வளையத்தில் சூடாக வந்து இறங்கும். சூடானால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். ஷூவின்மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கின் பிடிமானமும் குறையும். லீவர் கைப்பிடியைத் தொட்டதற்கும் கருகிய வாடைக்கும் அதுதான் காரணம். ஆனாலும் அடிவாரம் வருவதற்கு முன்னாலேயே இவ்வளவு சூடு ஏறக் கூடாது. வேறு ஏதோ இருக்கிறது என்று தோன்றியது.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் இப்போதைய நிலையை அளந்துகொண்டேன். விடியற்காலையில் ஆளில்லாத ஒரு நேர்ச்சாலை, சாலையில் சாக்பீஸ் கோடு, டேப்போடு ஒரு நண்பர். ஸ்பீடோமீட்டர் முள் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் வேகத்துக்கு போன் ஜிபிஎஸ். 40 கிலோமீட்டரில் வந்து கோட்டில் பிரேக் பிடித்தால், முன் பிரேக் மட்டும் 25 மீட்டர். இரண்டும் சேர்த்து 17 மீட்டர். ஒவ்வொன்றும் ஐந்து தடவை பார்த்து நடுவில் வந்த அளவு இது. இதைச் செய்துவைத்தது நல்லதாகப் போயிற்று. பின்னால் எது உண்மையில் உதவியது, எது புதுச் சாமான் மாட்டிய சந்தோஷத்தில் வந்த பிரமை என்று பிரித்துப் பார்க்க இந்த எண்கள்தான் கைகொடுத்தன.

முதலில் கேபிள். பழையதைக் கழற்றி மேசைமேல் வைத்து ஒரு முனையை வைஸில் பிடித்து இழுத்தால், வெளி உறை ஒரு வளைவில் சுருங்குவது கண்ணுக்கே தெரிந்தது. கை கொடுக்கும் விசையில் ஒரு பகுதி அந்த உறையை நசுக்குவதற்கே போயிருக்கிறது. கனமான உறையும் சற்றுத் தடித்த உள்கம்பியும் உள்ள கேபிள் வாங்கினேன். பழைய கேபிள் ஹெட்லைட் தலைக்குப் பின்னால் ஒரு கூர்மையான வளைவெடுத்துப் போய்க்கொண்டிருந்தது. புதியதை வளைவு எல்லாம் அகலமாக இருக்கும்படி, ஹாண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து வழிவிட்டேன்.

அடுத்தது லீவர். யாரோ எப்போதோ மாற்றிய டூப்ளிகேட் லீவர் அது. லீவர் சுழலும் ஆணிக்கும் கேபிளின் முனைக் குண்டு (நிப்பிள்) உட்காரும் துளைக்கும் இடையே 28 மில்லிமீட்டர் இருந்தது. பழைய சாமான் கடையில் கிடைத்த வேறொரு லீவரில் அதே தூரம் 23. விரல்கள் அழுத்தும் இடம் அந்த ஆணியிலிருந்து 110 மில்லிமீட்டர் என்றால், முன்பு நம் கைவிசை 3.9 மடங்காகிக் கேபிளுக்குப் போனது, இப்போது 4.8 மடங்கு. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இலாபம். பதிலுக்கு லீவர் கூடுதல் தூரம் பயணிக்கும். ஷூவும் டிரம்மும் நெருக்கமாக இருந்தால்தான் அது கட்டுப்படியாகும் என்பதை மனதில் வைத்துக்கொண்டேன்.

இந்த இரண்டு மட்டும் செய்து மறுபடி அளந்தேன். முன் பிரேக் மட்டும் 21 மீட்டர். டிரம்மைத் திறக்காமலே 4 மீட்டர் குறைந்துவிட்டது.

அப்புறம் சக்கரத்தைக் கழற்றினேன். இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய வண்டிகளின் பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். டிரம்முக்குள் சேர்ந்திருக்கும் அந்தச் சாம்பல் தூளை வாயால் ஊதுவதும் கம்ப்ரசர் காற்றால் அடிப்பதும் பட்டறைகளில் இன்றும் பார்க்கிற பழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை ஈரத்தோடே பாலித்தீன் பையில் கட்டிவிடுங்கள்.

துடைத்து முடித்ததும் டிரம்மின் உள்சுவர் முழுக்க சாக்பீஸைத் தேய்த்தேன். ஷூக்கள் பூட்டியிருக்கும் பிரேக் ப்ளேட்டை உள்ளே வைத்து, லீவரை லேசாகப் பிடித்தபடி சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றி, பிரித்துப் பார்த்தேன். லீடிங் ஷூவின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் வெள்ளை ஒட்டியிருந்தது. மற்ற ஷூவில் ஒரு ஓரத்தில் நகக்கண் அளவு. மீதி லைனிங் எல்லாம் கறுப்பாக, தொடாமல் கிடந்தது. கருகிய வாடைக்கு விடை அந்த இரண்டு விரல் அகலத்தில் இருந்தது. முழு ஷூவும் பங்குபோட வேண்டிய சூட்டை அந்தச் சிறு இடம் மட்டும் வாங்கிக் கண்ணாடிபோல் பளபளவென்று ஆகியிருந்தது.

லீடிங் ஷூ என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: டிரம்முக்குள் பிறை வடிவில் இரண்டு ஷூ. ஒரு முனை நிலையான ஆணியில் உட்கார்ந்திருக்கும், மறுமுனைகளுக்கு நடுவே கேம். கேம் திரும்பினால் இரண்டும் விரியும். சக்கரம் சுற்றும் திசையில் கேம்தான் முதலில் வருகிறது என்றால், டிரம்மின் சுழற்சியே அந்த ஷூவை இழுத்து இன்னும் இறுகக் கவ்வ வைக்கும்; கதவுக்கு அடியில் செருகிய ஆப்பு தள்ளத் தள்ள இறுகுவதுபோல. எதிர்ப்பக்க ஷூவை அதே சுழற்சி தள்ளிவிடப் பார்க்கும். அதனால் பிரேக்கின் வேலையில் பெரும்பங்கு லீடிங் ஷூவினுடையது. அது இரண்டு விரல் அகலம் மட்டுமே தொட்டால் மீதியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். லைனிங்தான் கோளாறு என்று முடிவு கட்டி, அன்று மாலையே ஒரு ஜோடி புதிய ஷூ வாங்கி மாட்டிவிட்டேன். அடுத்த ஞாயிறு அளந்தால் 24 மீட்டர். கேபிளிலும் லீவரிலும் கிடைத்ததெல்லாம் போய்விட்டது. அதோடு லீவரைப் பிடித்தால் கையில் ஒரு துடிப்பு. சக்கரம் சுற்றும் தாளத்துக்கு லீவர் விரலை உள்ளேயும் வெளியேயும் தள்ளியது. புது ஷூவின் வளைவு ஒரு கணக்கு, என் டிரம்மின் வளைவு வேறு கணக்கு. ஷூ டிரம்மைவிடச் சிறிய வட்டமாக இருந்தால் நடுவில் மட்டும் தொடும், பெரிய வட்டமாக இருந்தால் இரண்டு நுனியிலும் தொட்டுத் திடீரென்று கவ்வும். இரண்டுமே ஆகாது. துடிப்புக்கு வேறு காரணம்: டிரம் வட்டமாகவே இல்லை.

நண்பர் சொல்லி ஒரு லேத் (கடைசல்) பட்டறைக்குச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். டர்னருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மயிரிழை வித்தியாசத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை டிரம்முக்குள் வைத்துச் சக்கரத்தை மெல்லச் சுற்றினார். முள் போய் வந்தது. 0.35 மில்லிமீட்டர் கோணல்.

"கடைஞ்சு குடுத்துடுங்கண்ணே" என்றேன்.

அவர் கேஜை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு ஒவ்வொரு ஸ்போக்காக ஸ்பானரால் தட்டினார். சில டிங் என்றன, சில டப் என்றன.

"ஸ்போக்கு இப்படி இருக்குறப்ப கடைஞ்சா என்ன தம்பி பிரயோஜனம்? இப்ப வட்டமாக் குடுப்பேன். நீங்க போய் கோட்டம் எடுத்து ஸ்போக்க முறுக்குவீங்க, டிரம்மு திரும்பக் கோணிக்கும். மொதல்ல பேரிங்கு, அப்புறம் ஸ்போக்கு. அதுக்கப்புறம் எங்கிட்ட வாங்க."

இந்த வேலை முழுவதிலும் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அதுதான். ஸ்போக் ஒவ்வொன்றும் ஹப்பை ஒவ்வொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. இழுப்பு மாறினால் டிரம்மின் வடிவமும் மயிரிழை மாறும். பிரேக்குக்கு மயிரிழையே அதிகம். அதனால் வரிசை முக்கியம். இரண்டு வீல் பேரிங்கையும் புதிதாகப் போட்டேன். ஸ்போக் கட்டுபவரிடம் கொடுத்து, துருப்பிடித்த ஏழு ஸ்போக்கை மாற்றி, கோட்டம் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே இழுப்புக்குக் கொண்டுவந்தோம். இருநூறு கிலோமீட்டர் ஓட்டி ஸ்போக்குகள் உட்கார்ந்த பிறகு மறுபடி ஒருமுறை இறுக்கினோம். அதற்கப்புறம்தான் லேத்.

19 அங்குலச் சக்கரம் சுழல்வதற்கு எல்லா லேத்திலும் இடம் இருக்காது. பெட்டில் ஒரு பகுதியைக் கழற்றிப் பள்ளமாக்கும் வசதியுள்ள கேப் பெட் லேத் வேண்டும். டயரைக் கழற்றி, சக்கரத்தை அதன் சொந்த அச்சை மையமாக வைத்தே பூட்டினார். அரை மணி நேரம் மையம் பார்ப்பதற்கே போனது. பிறகு மிக மெல்லிய வெட்டு. முதல் சுற்றில் டிரம்மின் ஒரு பாதியிலிருந்து மட்டும் தூள் வந்தது. மறுபாதியைக் கருவி தொடவே இல்லை. அங்கே பழைய கறுப்புப் பளபளப்பு அப்படியே இருந்தது. மூன்றாவது வெட்டில் பிறை போல ஒரு கறுப்புத் தீவு மட்டும் மிஞ்சியது. நான்காவதில் அதுவும் கரைந்து, உள்சுவர் முழுக்க ஒரே வெள்ளிச் சாம்பல் நிறம். ஆரம்பத்தில் 152.4 மில்லிமீட்டராக இருந்திருக்க வேண்டிய விட்டம் இப்போது 153. "போதும், இதுக்கு மேல தொட வேணாம்" என்று நிறுத்திவிட்டார். டிரம் மெலிய மெலியச் சூட்டை வாங்கிக்கொள்ளும் திறனும் பலமும் குறையும். கோணலை எடுக்கத் தேவையான அளவுதான் வெட்ட வேண்டும், அழகுக்காக வெட்டக் கூடாது.

விட்டம் கூடியதால் கடையில் கிடைக்கும் ஷூ இன்னும் சிறிய வட்டமாகத்தான் இருக்கும். பழைய ஷூவையே எடுத்து, லைனிங் ஒட்டுபவரிடம் கொடுத்து, வழக்கத்தைவிட ஒரு மில்லிமீட்டர் தடிமன் கூடிய, ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் ஒட்டச் சொன்னேன். கடினமான லைனிங் வேண்டாம், கொஞ்சம் மிருதுவானது போதும் என்றும் கேட்டுக்கொண்டேன். கடினமானது நாள்பட உழைக்கும், ஆனால் குளிர்ந்த நிலையில் பிடி குறைவு. வாரம் ஒருமுறை ஓடும் வண்டிக்கு லைனிங் சீக்கிரம் தேய்ந்தால் பரவாயில்லை.

அந்தத் தடித்த லைனிங்கோடு ஷூ டிரம்முக்குள் நுழையவே நுழையாது. அதற்குத்தான் மறுபடி லேத். ஷூ இரண்டையும் பிரேக் ப்ளேட்டில் ஸ்பிரிங்கோடு மாட்டி, கேமுக்கும் ஷூவுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் தகடு வைத்து, பிரேக் லேசாகப் பிடித்திருக்கும் நிலையில் ப்ளேட்டை அச்சோடு லேத்தில் பூட்டி, லைனிங்கை 152.8 வரைக்கும் கடைந்தார். தகடு எதற்கு என்றால், ஷூ எந்த நிலையில் டிரம்மைத் தொடுமோ அந்த நிலையில் அதன் வளைவு டிரம்மின் வளைவாக இருக்க வேண்டும். ஓய்ந்திருக்கும் நிலையில் வட்டமாக இருந்து பயனில்லை. இரண்டு பேரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, கீழே ஈரச் சாக்கு விரித்து இதைச் செய்தோம்.

வீட்டுக்கு வந்து சாக்பீஸ் சோதனை. இந்தத் தடவை லீடிங் ஷூவில் ஏறக்குறைய முழு நீளத்துக்கும் வெள்ளை படிந்திருந்தது. மேடாகத் தெரிந்த இரண்டு இடத்தில் மட்டும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். லைனிங்கின் முன்னுனியை அரத்தால் சாய்வாக, ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு, சீவிவிட்டேன். கூர்முனை டிரம்மில் குத்தினால் கீச்சென்ற சத்தமும் திடீர்க் கவ்வலும் வரும்.

கேம் தண்டில் ஆட்டம் இருந்தது. தண்டு சுழலும் துளைக்குள் பித்தளை வளையம் (புஷ்) போட்டு அதைச் சரி செய்தோம். கேமின் இரண்டு முகங்களிலும் ஷூ அழுத்தி அழுத்திப் பள்ளம் விழுந்திருந்தது. எண்ணெய்க்கல்லில் தேய்த்துச் சமப்படுத்தி, சூடு தாங்கும் கிரீஸ் மிளகளவு மட்டும் வைத்தேன். கிரீஸ் கூடுதலானால் சூட்டில் உருகி லைனிங்குக்குத்தான் போகும். ஒருமுறை கிரீஸ் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவியும் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

வெளியே கேமோடு இணைந்த கையைப் பற்றி ஒரு வார்த்தை. பிரேக் முழுதாகப் பிடிக்கும் நிலையில் அந்தக் கையும் கேபிளும் 90 பாகைக்கு அருகே இருக்க வேண்டும். அப்போதுதான் கேபிளின் இழுப்பு முழுசாக வேலை செய்யும். லைனிங் தேயத் தேய இந்தக் கோணம் தாண்டிப் போகும். உடனே கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவது வழக்கம். என் வண்டியிலும் முன்பு யாரோ செய்திருந்தார்கள். லைனிங் மிகவும் தேய்ந்த நிலையில் இப்படிச் செய்தால் கேம் அளவுக்கு மீறித் திரும்பி, பிரேக் பிடித்தபடியே சக்கரம் இறுகிவிடும் ஆபத்து உண்டு. கோணம் தப்பிவிட்டது என்றால் லைனிங் போடும் நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பூட்டியாயிற்று. கடைசியாக ஷூவை மையப்படுத்துவது. இதற்குச் செலவு எதுவும் கிடையாது, இரண்டு நிமிட வேலை. அச்சு நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை வேகமாகச் சுழற்றிவிட்டு, லீவரை முழு பலத்தோடு பிடித்து, பிடித்த கையை விடாமல் நட்டை இறுக்க வேண்டும். லீவரை ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டால் ஒரே ஆளே செய்யலாம். இதனால் ப்ளேட் டிரம்முக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடும். பஞ்சர் ஒட்டிய பிறகும், டயர் மாற்றிய பிறகும், சக்கரம் எப்போது கழன்றாலும் இதைச் செய்யலாம். சும்மா நட்டை மட்டும் முடுக்கிவிட்டால், பிரேக் சில மாதம் ஒரு ஷூவை மட்டும் தேய்த்துக்கொண்டிருக்கும்.

புது லைனிங்கைப் பழக்குவதற்கு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். 40-லிருந்து 10 வரை மிதமாகப் பிடித்து, விட்டு, ஒரு கிலோமீட்டர் காற்றில் ஆறவிட்டு மறுபடி. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவைக்கு மேல் இல்லை. பிடித்தபடியே நிற்பதில்லை. நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆன பிறகு திறந்து பார்த்தால், இரண்டு ஷூவும் முழு அகலத்துக்கு ஒரே மங்கல் நிறத்தில் இருந்தன. அந்த நிறத்தைப் பார்க்கத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன்.

டயரையும் விட்டுவிடக் கூடாது. முன் டயர் 3.25-19 அளவு, பட்டன் நிறைய இருந்ததால் நல்ல டயர் என்றே நினைத்திருந்தேன். பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத் தேதிக் குறியைப் பார்த்தால் பதினோரு வயது. நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. பிரேக் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் சாலையைப் பிடிப்பது ரப்பர்தானே. முன் பிரேக் பலமாகிவிட்ட வண்டியில் கெட்டியான டயர் இன்னும் ஆபத்து, சக்கரம் இறுகி வழுக்கிவிடும். புது டயர் போட்டேன். ஃபோர்க் எண்ணெயும் மாற்றினேன்.

பின் பிரேக்கில் பெரிய வேலை இல்லை. ஹப்பிலிருந்து கிரீஸ் கசிந்து ஒரு ஷூ நனைந்திருந்தது. சீலும் ஷூவும் மாற்றினேன். புல்லட்டில் பின் டிரம்மும் செயின் சக்கரமும் ஒன்றாகவே இருப்பதால், செயினுக்கு எண்ணெய் விடும்போது கை தாராளமாக இருக்கக் கூடாது. செயினை இழுத்துக் கட்டினால் சக்கரம் பின்னால் போய் பிரேக் ராடின் அளவும் மாறும், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அதே சாலை, அதே கோடு, அதே நண்பர். முன் பிரேக் மட்டும் 14.5 மீட்டர். இரண்டும் சேர்த்து 11. நண்பர் நம்பாமல் டேப்பைத் திரும்ப இழுத்துப் பிடித்தார். எனக்கு எண்ணைவிட லீவரின் உணர்வுதான் பெரிதாக இருந்தது. முன்பு லீவர் பஞ்சை அமுக்குவதுபோல் எங்கோ போய் நிற்கும். இப்போது பாதி தூரத்தில் ஒரு திடமான இடம் இருக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம் குறைகிறது. துடிப்பு சுத்தமாக இல்லை.

டிஸ்க் வண்டிக்கு இது ஈடு என்று சொல்லமாட்டேன். மழையில் நனைந்தால் முதல் இரண்டு பிடி மந்தமாகத்தான் இருக்கிறது. முன்னால் போகும் வண்டியிலிருந்து விட வேண்டிய இடைவெளியும் குறையவில்லை. ஆனால் மாற்றிய சாமான்களில் பெரியது என்று சொல்ல ஒன்றும் இல்லை. கேபிள், பழைய சாமான் கடை லீவர், லைனிங், புஷ், பேரிங், ஸ்போக், டயர். மற்றதெல்லாம் வேலைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போனேன். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குவது என்று வைத்துக்கொண்டேன், பெரும்பாலும் இரண்டு, வளைவுகளில் ஒன்று. பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்னால் நேர்ப்பாதையில் அழுத்தமாக ஒருமுறை பிடித்து விட்டுவிடுவது. நடுவே டிரம்முக்குக் காற்று கிடைக்கும். அந்த 8/20 பலகைக்கு முன்னால் நெஞ்சு கொஞ்சம் படபடத்தது. லீவர் பிடித்த இடத்தில் பிடித்தது. வளைவு முடிந்து வெளியே வந்ததும் எனக்கே தெரியாமல் பெட்ரோல் டேங்க்கின் தலையில் ஒரு தட்டு தட்டினேன்.

அடிவாரத்தில் தேநீர்க் கடையில் நிறுத்தி லீவரைச் சோதித்தேன். காலையில் கிளம்பும்போது பிடித்த இடத்துக்கும் இப்போது பிடிக்கும் இடத்துக்கும் ஒரு விரல் தடிமன்கூட இல்லாத வித்தியாசம், டிரம் சூட்டில் விரிந்ததால் வந்தது. கை தன்னால் கேபிள் அட்ஜஸ்டருக்குப் போனது. நல்லவேளை, திருகவில்லை. சூட்டில் இறுக்கிவைத்தால் டிரம் ஆறிச் சுருங்கியதும் ஷூ உரசிக்கொண்டே இருக்கும். தேநீர் குடித்து முடித்து, பக்கத்தில் இருந்த பெரியவர் வண்டி எந்த வருஷம் என்று கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, மறுபடி பிடித்துப் பார்த்தேன். லீவர் காலையில் நின்ற இடத்துக்கே வந்திருந்தது.